எட்டு 'டக்'கும் ஒரு கண்ணாடிக் கூரையும்

கண்ணாடிக் கூரை வைத்த காரின் தலையில் கேரியர் பொருத்த எட்டு போல்ட்டுகளை முடுக்க வேண்டும். கை பழகியவருக்கு நான்கு நிமிட வேலை. நடுவில் தேநீர் குடித்தால் ஒன்பது. இவ்வளவு பெரிய பொறுப்பைப் பொதுமக்கள் கையில் விட்டுவைத்திருக்கிறோமே என்று பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அரசாங்கம் திடுக்கிட்டு எழுந்தது. அப்படிப் பிறந்ததுதான் கண்ணாடிக்கூரைச் சுமைப் பாதுகாப்பு நிலையம். ஐந்து மாடி. நூற்று நாற்பது ஊழியர்கள். ஸ்பானர் ஒன்று.

அந்த ஸ்பானர் இரண்டாவது மாடியில், குளிரூட்டிய அறையில், மெத்தை விரித்த பெட்டிக்குள் படுத்திருக்கும். போல்ட் போதிய அளவு இறுகியதும் 'டக்' என்று தானே சொல்லிவிடும் வகை. நிலையத்தில் நேராகப் பதில் சொல்லக்கூடியது அது ஒன்றுதான் என்பதால் அதைப் பூட்டியே வைத்திருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நிலையத்தின் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் பல்செட்காரர். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துச் செயற்கைப் பற்கள் செய்துகொடுப்பது அவர் தொழில். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே ஒரு தலைமுடி நுழையும் இடைவெளி இருந்தாலும் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவார். மற்றபடி பயந்த சுபாவம். லிஃப்டில் எட்டுப் பேர் போகலாம் என்று எழுதியிருந்தால், நாலாவது ஆள் ஏறியதும் இவர் இறங்கிவிடுவார்.

பக்கத்து இருக்கையில் மனைவி. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து விசில் ஊதியவள். நான்கு மாதத்துக்கு முன் இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து சக்கர நாற்காலி. முறிந்த விதம் எளிமையானது. மகள் வீட்டு வாசலில் நான்கு படி. நாற்காலி எதுவும் அப்போது இல்லை. மழை நாள், கால் சுளுக்கு, அவ்வளவுதான். உறவுக்காரர்கள் இரண்டு பேர், "நாங்க தூக்கிடறோம் அத்தை" என்று தூக்கினார்கள். மூன்றாவது படியில் ஒருவருக்குத் தும்மல் வந்தது.

"இனிமே என்னை யாரும் மூட்டை மாதிரித் தூக்கக்கூடாது" என்று மருத்துவமனைக் கட்டிலிலேயே அவள் சபதம் செய்திருந்தாள்.

மகளுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம். பாட்டி இன்னும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு மகளும் மருமகனும் குழந்தையோடு விமானம் ஏறுகிறார்கள். திரும்பி வர மூன்று வருடம். அதற்குள் இரண்டு ராத்திரியாவது அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும் என்பது அவள் கணக்கு. நான்கு படிக்கு மேல் நாற்காலியை உருட்டிக்கொண்டு போக ஏழடி நீளத்தில் ஓர் அலுமினியச் சாய்பலகை செய்து வைத்தாயிற்று. காருக்குள் நாற்காலியை மடக்கி வைத்தபின் பலகைக்கு இடமில்லை. ஆகவே கூரைமேல் கேரியர். ஆகவே நிலையம். சான்று இல்லாமல் கேரியரோடு போனால் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து பல்செட்காரருக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

"நாலு நிமிஷ வேலைங்க. ஒம்போது மணிக்கு ரோட்ல இருப்போம்" என்றாள் மனைவி.

அவளை இறக்கி ஏற்ற அரை மணி நேரமாகும். ஆகவே அவள் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்க, கார் பணிக்கூடத்துக்குள் உருண்டது. பின்னால் ஓர் இரும்புக் கதவு இறங்கிப் பூட்டிக்கொண்டது. பல்செட்காரர் திரும்பிப் பார்த்தார். கதவில் எழுதியிருந்தது: 'சான்றில்லாமல் எதுவும் வெளியேறாது.'

முதல் மாடியில் அச்சப் பிரிவு. கேரியர் பொருத்த விரும்புகிறவர் கண்ணாடியைப் பற்றிப் போதுமான அளவு பயந்திருக்கிறாரா என்று பார்க்கும் இடம் அது. நாடித்துடிப்பு நூறுக்குக் குறைந்தால் விண்ணப்பம் தள்ளுபடி. பயத்தை ஏற்படுத்த ஒரு காட்சிக் கூடமும் உண்டு. நடுவே, கறுப்புத் துணியின்மேல், உடைந்த கண்ணாடித் துண்டுகள். பதினோரு ஆண்டுகளாகத் தேடியும் உடைந்த கார்க்கூரை எதுவும் கிடைக்காததால், கேன்டீனில் உடைந்த டம்ளரை வைத்திருந்தார்கள். விண்ணப்பதாரர்கள் அதன் முன் இரண்டு நிமிடம் தலைகுனிந்து நிற்க வேண்டும்.

பல்செட்காரர் நின்றார். ஒரு துண்டில் காபிக் கறை இருந்தது. அது காபி என்று அவருக்குத் தோன்றவில்லை.

நாடி பார்க்கும் நர்ஸம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள். "நூத்தி முப்பத்திரண்டு! சார், இந்த வருஷத்துலயே இதான் அதிகம். உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா எங்களுக்கு வேலையே சுலபம்."

பிறகு கீழே காருக்கு வந்து மனைவியின் கையைப் பிடித்தாள். முகம் சுருங்கியது. "எழுபத்திரண்டு."

"நல்லதுதானேம்மா?"

"நல்லதா? தலைக்கு மேல அவ்வளவு பெரிய கண்ணாடியை வெச்சுக்கிட்டு எழுபத்திரண்டு வர்றதுக்குப் பேரு அலட்சியம். உங்களை வெச்சுக்கிட்டு எப்படிச் சான்று குடுக்கறது?"

அச்சமூட்டும் அலுவலர் வரவழைக்கப்பட்டார். அதற்கென்றே தேர்வு எழுதித் தேறியவர். காரின் ஜன்னலருகே குனிந்து, குரலைக் கிணற்றுக்குள்ளிருந்து எடுப்பதுபோல் எடுத்தார். "அம்மா... ஒருநாள் நீங்க நிம்மதியாப் போயிட்டிருப்பீங்க. வெயில் இருக்கும். பாட்டுக் கேக்கும். திடீர்னு மேல... படார்!"

பின்னால் நின்ற பல்செட்காரர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, காலைல எதாவது சாப்பிட்டீங்களா? முகமெல்லாம் வாடிக் கெடக்கே" என்றாள் மனைவி.

"எழுபது" என்றாள் நர்ஸம்மா.

அலுவலர் அடுத்தடுத்து மூன்று விபத்துகளைச் சொன்னார். மூன்றாவதில் அவருக்கே கண் கலங்கியது. மனைவி அவருக்கு ஃபிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அறுபத்தெட்டு.

"ஒண்ணும் பண்ண முடியாது" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார் அலுவலர். "செவ்வாய்க்கிழமை வாங்க. இன்னிக்கு நாலு மணிக்கு மூடினா மூணு நாள் விடுமுறை."

நர்ஸம்மா கூவினாள். "நூத்தி பதினெட்டு! சார், பயம் வந்துடுச்சு!"

அலுவலர் மனைவியின் முகத்தை உற்றுப் பார்த்தார். அதில் பயம் இருந்தது, அவருக்கே சந்தேகமில்லை. "ஆனா இது கண்ணாடியைப் பத்தின பயமா?"

"எதைப் பத்தின்னு ஃபாரத்துல கேக்கலையே சார்" என்றாள் நர்ஸம்மா.

"கேக்கலதான்" என்று ஒப்புக்கொண்டு முத்திரை குத்தினார். மணி பத்தே முக்கால்.

மூன்றாவது மாடியில் கழித்தல் அதிகாரி. காரின் கூரை தாங்கும் எடை எழுபத்தைந்து கிலோ என்று தயாரித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதிலிருந்து கழிக்க வேண்டியதைக் கழிப்பது அவர் பொறுப்பு. கேரியரின் எடை ஆறு. மழை பெய்தால் தேங்கும் நீர் பன்னிரண்டு.

"பலகைல தண்ணி தேங்காதுங்களே. வழிஞ்சுடும்" என்றார் பல்செட்காரர்.

"வழியும்போது எடை இருக்குமா இருக்காதா?"

இருக்கும்தான். பறவைகள் உட்கார்ந்தால் நாலு. காற்று எப்போது எப்படி இருக்குமென்று சொல்ல முடியாததால் இருபது. "அப்புறம் என்னோட மனநிம்மதிக்குப் பன்னிரண்டு. இது ஆரம்பத்துல அஞ்சாத்தான் இருந்துச்சு. வயசாகுதில்ல." எல்லாம் போக மிச்சம் இருபத்தொன்று. பலகை பதினெட்டு.

அதிகாரி பேனாவை வைத்தார். அவர் முகம் வெளுத்தது. "மூணு கிலோ மிஞ்சுதே."

"தப்பா சார்?" என்றார் பல்செட்காரர்.

"யாருக்கும் இதுவரைக்கும் மிஞ்சினதில்லை." மறுபடி கூட்டினார், கழித்தார், பக்கத்து மேசைக்காரரை அழைத்துக் காட்டினார். இருவரும் பல்செட்காரரை மேலும் கீழும் பார்த்தார்கள். கடைசியில், மிஞ்சிய மூன்று கிலோவை எந்தக் காலத்திலும் எந்த வடிவத்திலும் பயன்படுத்த மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

நண்பகலுக்கு ஸ்பானர் இறங்கிவந்தது. முன்னே ஒருவர், பின்னே ஒருவர், நடுவே பெட்டியைச் சுமந்துகொண்டு மூன்றாமவர். எதிரே வந்தவர்கள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள்.

பொருத்தும் வேலைக்கு மட்டும் நிலையத்தில் ஒரே ஆள். நாற்பத்தைந்து வயதுப் பெண், கையெல்லாம் கிரீஸ், காதில் பென்சில். எல்லோரும் ஃபிட்டர் அக்கா என்றார்கள். அவள் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். கூரையின் இரு ஓரமும் நீளவாக்கில் ஓடும் கம்பிகளைத் தட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, நடுங்காதீங்க. கேரியர் இந்த ரெண்டு கம்பியைத்தான் புடிச்சுக்கும். கண்ணாடியைத் தொடவே தொடாது."

"தொடவே தொடாதா?" பல்செட்காரருக்கு உயிர் வந்தது. "அப்ப எதுக்கும்மா இந்த நிலையம்?"

"கண்ணாடிக்கு."

வேலை உடனே தொடங்கிவிடவில்லை. ஒவ்வொரு 'டக்'கையும் இரண்டு ஒலிச் சாட்சிகள் சொந்தக் காதால் கேட்டுப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. மூத்த சாட்சி ஓய்வுக்கு ஆறு மாதம் இருப்பவர். அவருக்குக் காது மந்தம், கருவி வைத்திருந்தார். கடமை நேரம் வந்ததும் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஏன் சார் கழட்டறீங்க?" என்றார் பல்செட்காரர்.

அவருக்குக் கேட்கவில்லை. இளைய சாட்சி விளக்கினார். "விதியில சொந்தக் காதுன்னு இருக்கு. கருவி ஆபீஸ் குடுத்தது."

மணி அடித்தது. ஐந்து மாடியிலும் மின்விசிறிகள் நின்றன. தட்டச்சு நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டிருந்த ஒருவர் பாதியிலேயே விழுங்கினார். நூற்று நாற்பது பேர் மூச்சடக்கி நிற்க, ஃபிட்டர் அக்கா முதல் போல்ட்டைத் திருகினாள்.

டக்.

"கேட்டேன்" என்றார் இளைய சாட்சி. எல்லோரும் மூத்தவரைப் பார்த்தார்கள். அவர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்.

போல்ட்டைத் தளர்த்தி மறுபடி. டக். மறுபடி. மூத்தவர் நெற்றியைச் சுருக்கிக் கூர்ந்தார். ஒரு மனிதர் இவ்வளவு நேர்மையாகக் கேட்காமல் இருப்பதைப் பல்செட்காரர் பார்த்ததில்லை. ஆறாவது தடவை ஃபிட்டர் அக்கா அவர் விரலைப் பிடித்து ஸ்பானரின் கைப்பிடிமேல் வைத்தாள். டக். அவர் விரல் துள்ளியது. "கேட்டேன்!" என்று கண்ணில் நீர் மல்கக் கையெழுத்திட்டார்.

ஐந்தாவது போல்ட்டில் வாசல் காவலாளியின் கைபேசி பாடத் தொடங்கியது. அமைதி கெட்டால் முதலிலிருந்து. எல்லாவற்றையும் தளர்த்தினாள். இரண்டாவது சுற்று ஏழாவது வரை போனது. மேலே யாரோ நாற்காலியை இழுத்துவிட்டார். மூன்றாவது சுற்றில் எட்டாவது போல்ட் திரும்பிக்கொண்டிருக்கும்போது பல்செட்காரருக்கு விக்கல் வந்தது. பயத்தில் வந்த விக்கல். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்கள் பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்க நின்றார். காருக்குள்ளிருந்து மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது: வேண்டாம்.

டக்.

"கேட்டேன்." "கேட்டேன்."

விக்கல் வெளியே வந்தது. கூடம் முழுக்க எதிரொலித்தது. மணி மூன்று இருபது.

கூரைக் கண்காணிப்பாளர் அப்போதுதான் ஐந்தாவது மாடியிலிருந்து இறங்கிவந்தார். கம்பீரமான பல்வரிசை. மேல்வரிசை முழுக்கச் செட் என்பதைப் பல்செட்காரர் பத்தடி தூரத்திலேயே கண்டுகொண்டார். சற்றுத் தளர்வாகவும் இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அரை நொடி தாமதித்து மூடியது.

"வாழ்த்துகள்" என்றார் கண்காணிப்பாளர். "நாங்க என்னமோ தாமதம் பண்றோம்னு வெளிய பேசிக்கறாங்க. நான் புள்ளிவிவரத்தோட சொல்றேன். பதினோரு வருஷத்துல எங்க சான்றோட வெளிய போன ஒரு வண்டில, ஒரே ஒரு வண்டில கூடக் கண்ணாடி உடைஞ்சதில்லை."

"எத்தனை வண்டி சார் வெளிய போயிருக்கு?" என்றாள் மனைவி காருக்குள்ளிருந்து.

"அது வேற பிரிவும்மா."

"சுமாரா?"

"சுமாரா எதையும் சொல்ல நான் இந்தப் பதவிக்கு வரலை." பற்கள் மூடிக்கொண்டன. "கடைசியா ஒண்ணே ஒண்ணு பாக்கி. திறப்புச் சோதனை. பொருத்தின பிறகு, உரிமையாளர் தன் கையால சுவிட்சை அமுக்கிக் கூரையைத் திறந்து காட்டணும்."

பல்செட்காரர் கூரையைப் பார்த்தார். முப்பது வருடத் தொழில் அவர் கண்ணில் வந்து நின்றது. திறக்கும்போது கண்ணாடியின் பின்பக்கம் முதலில் நான்கு விரற்கடை மேலே எழும்பும்; அப்புறம்தான் பின்னால் நகரும். கேரியரின் குறுக்குத் தண்டுக்கும் கண்ணாடிக்கும் இருந்த இடைவெளி இரண்டு விரற்கடை. தண்டுக்கு நேர்கீழே மனைவியின் தலை.

"சார்... இடிக்கும் சார்."

"தெரியும்."

"உடைஞ்சிடும் சார்."

"வாய்ப்பு அதிகம்."

"தெரிஞ்சுமா அமுக்கச் சொல்றீங்க?"

"எனக்குத் தெரியும். நிலையத்துக்கு இன்னும் தெரியாது. அதுக்குத்தான் சோதனை."

இளைய சாட்சி தயங்கித் தயங்கிப் புத்தகத்தை நீட்டினார். "சார், பதினேழாவது பக்கத்துல, கேரியர் பொருத்தின வண்டில கூரையை எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக்கூடாதுன்னு இருக்கே."

"இருக்கு. அது நான் எழுதினது. நாப்பத்தோராவது பக்கத்துல, திறந்து பாக்காம எந்த வண்டிக்கும் சான்று குடுக்கக்கூடாதுன்னும் இருக்கு. அதுவும் நான் எழுதினதுதான். ரெண்டும் வேற வேற நாள்ல எழுதினேன். ரெண்டு நாளும் நான் முழுப் பொறுப்போடதான் இருந்தேன்."

"அப்ப, அவங்க இறங்கட்டும் சார். அப்புறம் அமுக்கறேன்." பல்செட்காரரின் குரல் அவருக்கே யாரோ பேசுவதுபோல் கேட்டது.

"வழக்கமா யார் எங்க உக்காருவாங்களோ அப்படியே இருக்கணும். இல்லேன்னா அது உண்மையான சோதனை இல்லை. உங்களுக்கு ஹெல்மெட் உண்டு."

"அவங்களுக்கு?"

"அவங்க வழக்கமா ஹெல்மெட் போட்டுக்கிட்டா வண்டில உக்காருவாங்க?"

ஊழியர்கள் கூடத்தின் மறுகோடியில் ஒரு தடித்த தடுப்புக்குப் பின்னால் போய் நின்றார்கள். நூற்று நாற்பது பேருக்கு இடம் போதவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் பின்வரிசைக்குப் போகப் பார்க்க, சிறிய தள்ளுமுள்ளு நடந்தது. அமுக்காவிட்டால் என்ன ஆகும் என்று பல்செட்காரர் கேட்டார். வண்டி கூடத்திலேயே இருக்கும். வண்டிக்குள் இருப்பவர்கள்? அதுபற்றி விதி இல்லை. இதற்குமுன் யாரும் உள்ளே இருந்ததில்லை.

மணி மூன்று நாற்பது.

அவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். ஹெல்மெட் பெரிதாக இருந்தது. திரும்பினால் தலை மட்டும் திரும்பியது, ஹெல்மெட் அங்கேயே இருந்தது. அதைக் கழற்றி மனைவியின் தலையில் வைக்கப் போனார். தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒலிபெருக்கி அதட்டியது: "பயணி இயல்பாக இருக்கவும்!"

"வேண்டாம்மா. போயிடலாம்" என்றார்.

"எங்கங்க போறது? கதவு பூட்டியிருக்கு."

"உன் தலைமேல என் கையால..." சுவிட்சை நோக்கிப் போன கட்டைவிரலை மடக்கிக்கொண்டார். மேலே நிர்மலமான கண்ணாடி. அதற்கு மேலே கறுப்பாகக் குறுக்குத் தண்டு. அதற்கும் மேலே கூடத்து விளக்கு. கண்ணாடி எப்படி உடையும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. காலையிலிருந்து நிலையம் கற்றுக்கொடுத்திருந்தது. எல்லா விதமாகவும் அது அவர் கண்முன் உடைந்தது.

மனைவியும் மேலே பார்த்தாள். அன்று முதல்தடவையாக அவள் கை அவர் முழங்கையை இறுகப் பற்றியது. "துணியாவது போத்திக்கறேன்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, பேத்திக்கென்று பின்னி வைத்திருந்த சின்னப் போர்வையை எடுத்தாள். எடுத்தவள் அதைத் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடித் தூள் படக்கூடாதென்று மடித்துப் பைக்குள் அடியில் வைத்தாள்.

"ஒரு நிமிஷம்!" ஃபிட்டர் அக்கா தடுப்பைத் தாண்டி வந்தாள். "மிதியடி ஒதுங்கியிருக்கு சார். பிரேக்குல மாட்டிக்கும்."

"சீக்கிரம்!" என்றது ஒலிபெருக்கி.

அவள் கதவைத் திறந்து பல்செட்காரரின் காலடியில் குனிந்தாள். தலை முழுக்க ஸ்டீரிங்கின் கீழே போனது. ஏதோ மூடி திறக்கும் சத்தம். நிமிர்ந்தபோது அவள் வலது கை மூடியிருந்தது. "கண்ணை மூடிக்கிட்டு அமுக்குங்கண்ணே" என்றாள். "என்னை நம்புங்க."

அவர் யாரையும் நம்பும் நிலையில் இல்லை. கண்ணை மட்டும் மூடினார். மனைவியின் தலையைத் தன் மார்புக்குள் இழுத்து, அதன்மேல் தன் ஹெல்மெட்டைக் கவிழ்த்து, அமுக்கினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்தார். கூரை மூடியே இருந்தது. மறுபடி அமுக்கச் சொன்னார்கள், அமுக்கினார். அழுத்தமாக அமுக்கச் சொன்னார்கள், அமுக்கினார். தடுப்புக்குப் பின்னாலிருந்து தலைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. மூத்த சாட்சி, "கேட்டேன்" என்றார்.

கண்காணிப்பாளர் வெகுநேரம் புத்தகத்தைப் புரட்டினார். அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு மனிதக் குழப்பம் தெரிந்தது. பிறகு அது தெளிந்து அதிகாரமானது.

"இது திறக்கற கூரையே இல்லை!"

"திறக்கலைதான் சார்" என்றாள் ஃபிட்டர் அக்கா.

"திறக்காத கூரைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? எங்க அதிகாரம் திறக்கற கண்ணாடிக்கு மட்டும்தான். இந்த வண்டியைக் காலைல உள்ள விட்டது யார்? ஒரு நிமிஷம் கூட இது இங்க நிக்கக்கூடாது. ஆடிட் வந்தா யார் பதில் சொல்றது? கதவைத் திறங்க!"

"கேரியர் சார்?" என்று பல்செட்காரர் மேலே கையைக் காட்டினார். "அதைக் கழட்டணுமா?"

"கழட்ட ஸ்பானர் வேணும். உங்க வண்டிக்கு எங்க ஸ்பானரைத் தொடக்கூட உரிமை கிடையாது. எடுத்துட்டுப் போங்க, உடனே எடுத்துட்டுப் போங்க!"

கையில் ஒரு சீட்டைத் திணித்தார்கள். 'இவ்வாகனம் எம் வரம்புக்கு உட்பட்டது அல்ல. ஓட்டுநர் நேராகத் திறவாக் கூரைப் பிரிவுக்குச் சென்று சரணடையவும்.' இரும்புக் கதவு மேலே போனது. வெளியே மாலை வெயில் அடித்தது.

வாசலில் ஃபிட்டர் அக்கா ஜன்னல் வழியே எதையோ மனைவியின் மடியில் போட்டாள். விரல்நுனி அளவு நீலமாக ஒரு ஃபியூஸ்.

"கூரை மோட்டாரோடது அக்கா. கேரியரைக் கழட்டின அப்புறம் மாட்டிக்குங்க. அதுவரைக்கும் யார் அமுக்கினாலும் திறக்காது. மறந்துபோய் அமுக்கினாலும் திறக்காது." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். "பதினோரு வருஷமா இதைத்தான் சொல்லிட்டிருக்கேன். சொல்றதுக்கு ஃபாரம் இல்லைங்கறாங்க."

நான்கு மணி. திறவாக் கூரைப் பிரிவு அடுத்த தெருமுனையில், இடப்பக்கம். மதில் ஓரமாக ஒரு வரிசை கார்கள். எல்லாவற்றின் தலையிலும் கேரியர். எல்லாவற்றுக்குள்ளும் ஒருவர் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் நின்ற காரின் சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. பல்செட்காரர் கடமை தவறாமல் இடது விளக்கைப் போட்டார்.

"அணைங்க" என்றாள் மனைவி.

"சரணடையச் சொல்லி எழுதியிருக்கும்மா. வண்டி நம்பர் இருக்கு அவங்ககிட்ட. போலீஸ் வந்தா? பாதி ரோட்டுல நிறுத்தினா?"

"வரட்டும். ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் வரட்டும். நானே விலாசம் குடுக்கறேன்."

விளக்கு அதுபாட்டுக்கு மின்னிக்கொண்டிருந்தது. பிரிவின் காவலாளி இவர்களைக் கண்டு கயிற்றை அவிழ்த்து வழிவிட்டான். பல்செட்காரர் வாழ்நாளில் எந்த வரிசையையும் மீறியதில்லை. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. கண்ணைத் துடைக்கப் போன கை விளக்கை அணைத்தது. துடைத்து முடித்துப் பார்த்தபோது தெருமுனை பின்னால் போயிருந்தது.

வீட்டுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரோடு பலகையைத் தூக்கிக் கேரியரில் வைத்து வாரால் கட்ட ஆறு நிமிடம் ஆனது. நான்கு மணி நேரப் பாதையை ஆறரை மணி நேரத்தில் ஓட்டினார். சைரன் கேட்டபோதெல்லாம் ஒதுங்கி நின்றார். இரண்டு முறை ஆம்புலன்ஸ். ஒரு முறை ஐஸ் விற்கிற வண்டி.

மகள் வாசலில் குழந்தையோடு நின்றிருந்தாள். மருமகன் பலகையை இறக்கி நான்கு படிமேல் சாய்த்தார். "நான் தள்ளட்டுமா அத்தை?" என்று கை நீட்டியவர், அத்தையின் பார்வையைக் கண்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மனைவி சக்கரங்களைத் தானே பிடித்தாள். ஒரு உருட்டு. நிற்பாள். இன்னொரு உருட்டு. பின்னால் பல்செட்காரர், சரிந்தால் பிடிக்கலாமென்று, இரண்டு கையையும் முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டு நின்றார். முதல் படி தாண்டியது. இரண்டாவது. மூன்றாவதில் அவர் மூச்சு விடவில்லை. நான்காவது.

அவள் நடைக்குள் போய், நாற்காலியை வட்டமாகத் திருப்பி, மகளின் கையிலிருந்த குழந்தையை வாங்கி மடியில் கிடத்திக்கொண்டாள். அதன் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். அப்புறம்தான் நிமிர்ந்து கீழே பார்த்தாள். பல்செட்காரர் இன்னும் அதே இடத்தில், கைகளை உயர்த்தியபடியே நின்றிருந்தார்.

"கையை இறக்குங்க" என்றாள். "இங்க யாரும் உங்களைப் புடிக்கல. மேல வந்து இவளைப் புடிங்க."